அண்ணாச்சியின் பதினோரு கணக்குகள்

பன்னிரண்டு மணிக்கு வேன் புறப்பட்டுவிடும். அதுவரை நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மொட்டைக் கடிதம் எழுத வேண்டாம், கோயில் வாசலில் காசு வெட்டிப் போட வேண்டாம், யாரிடமும் போய் அழ வேண்டாம். ஏழாம் எண் அறையில் இரண்டாம் திருப்புதல் தேர்வின் கணக்குத்தாளை எழுதிக்கொண்டிருக்கும் இருபது பிள்ளைகளுக்கு நடுவே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஜன்னலிலிருந்து கதவுக்கும் கதவிலிருந்து ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தால் போதும். பழிவாங்குவது இவ்வளவு சும்மா இருக்கிற வேலை என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மைதானத்துக்கு அப்பால் கலையரங்கத்தில் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாத ஒருவரிடம்தான் எப்போதும் அந்த வேலையைக் கொடுப்பார்கள். அங்கே சாமந்தி மாலையும் குத்துவிளக்கும் தயார். முதன்மைக் கல்வி அலுவலர் வந்துவிட்டார். எங்கள் பள்ளியின் மூத்த கணித ஆசிரியர், மாவட்டக் கருத்தாளர், பத்தாம் வகுப்பு ஆ பிரிவின் ஆசிரியர் திருவாளர் மாசிலாமணி, தாம் எழுதிய ‘கணக்கில் நூறு’ என்னும் பயிற்சி நூலை இன்று வெளியிடுகிறார். அறுபத்து நான்கு பக்கம். சாரணர் அறையில் ஆறாயிரம் பிரதிகள் கயிறு கட்டிக் கிடக்கின்றன. பன்னிரண்டு மணிக்கு வேனில் ஏறி, மாலைக்குள் எல்லாப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அந்த அறுபத்து நான்கு பக்கமும் நான் எழுதியவை. அவற்றில் பதினோரு கணக்குகள் தவறு. தவறு என்றால் கைதவறி வந்தவை அல்ல. உட்கார்ந்து யோசித்து, கண்ணுக்குத் தெரியாதபடி பொருத்தி, நானே வைத்த தவறுகள். அது அவருக்குத் தெரியாது.

மூன்றாம் வரிசையில் யாரோ அளவுகோலைக் கீழே போடுகிறார்கள், நான் திரும்பிப் பார்க்கிறேன், அளவுகோல் தன்னாலே விழுந்ததைப் போல அந்தப் பெண் முகத்தை வைத்துக்கொள்கிறாள். இருக்கட்டும். மூன்று வருடத்துக்கு முன்பு, பத்தாம் வகுப்பு அ பிரிவுக்கென்று நான் ஒரு வெப்சைட் தொடங்கினேன். பெரிய விஷயமில்லை, இலவசமாகக் கிடைத்த ஓர் இடம், அன்றன்றைக்கு நடத்திய கணக்கு, அதன் படிகள், ஒவ்வொரு படிக்கும் என் குரலில் ஒரு நிமிட விளக்கம். அடுப்படியில் நின்றுதான் பதிவு செய்வேன். பின்னால் குக்கர் விசில் கேட்கும். வகுப்பில் பிள்ளைகள், ‘டீச்சர், நாற்கரத்துல நாலு விசில் வந்துச்சு, என்ன கொழம்பு?’ என்று கேட்பார்கள். பீடி சுற்றும் அம்மாக்களின் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு என் மாணவிகள் கேட்டார்கள். அம்மாக்களும் கேட்டார்கள். ஒருத்தி பெற்றோர் கூட்டத்துக்கு வந்து, ‘ஒங்க சத்தத்துல சொல்லுத கணக்கு எனக்கே புரியுது டீச்சர், எங்க வாத்தியாரு அந்தக் காலத்துல அடிச்சாரே ஒழிய சொல்லல’ என்றாள். எம்.ஃபில். பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமை வரவில்லை. அந்த வெப்சைட்டில் புதன்கிழமைதோறும் ஒரு பக்கம் வரும். அவசர அண்ணாச்சி. அவர் ஒரு கணக்கைத் தொடக்கம் முதல் விடை வரை போட்டுக் காட்டுவார். அழகாகப் போடுவார், விடைக்குக் கட்டம் கட்டுவார், எங்கேயாவது ஒரே ஒரு வரியில் கவிழ்ந்திருப்பார். எந்த வரி என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். கணக்குத் தவறு என்பதை மட்டும் நான் எழுத்தில் போடுவதில்லை. எழுதினால் கண்ணை ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள். குரலில் சொல்வேன்: ‘அண்ணாச்சி இன்னைக்கும் கவுந்துட்டாரு மக்கா. எந்த வரின்னு பாத்து நாளைக்கு என் காதோட வந்து சொல்லுங்க.’ மறுநாள் காலை பிரார்த்தனைக் கூட்டத்துக்கு முன்பே காதில் எச்சில் தெறிக்க முப்பத்தெட்டுப் பேர். ‘டீச்சர், இந்த அண்ணாச்சிக்கு வீட்ல யாரும் சொல்லிக் குடுக்க மாட்டாவளா?’ ‘அவருக்கு யாரும் சொல்ல முடியாதுட்டி. அவருக்கு எல்லாம் தெரியும்.’ அண்ணாச்சியை எந்த ஆளைப் பார்த்து உருவாக்கினேன் என்று அவர்கள் கேட்டதில்லை, கேட்டிருந்தால் மழுப்பியிருப்பேன்.

மாசிலாமணி சார் அந்த வெப்சைட்டைக் கோலம் என்பார். ‘என்ன உலகம்மா டீச்சர், இன்னைக்குக் கோலம் போட்டாச்சா?’ ஆசிரியர் அறையில் எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன், அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு எரிகிறது. அவர் சொன்னதற்காக அல்ல, நான் சிரித்ததற்காக. ‘எம்ஃபில் வரைக்கும் படிச்சிட்டு, பத்தாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு விசில் சத்தம் கேக்க வைக்கீயளே’ என்பார். நவம்பரில் தலைமையாசிரியை எஸ்தர் மேடம் என்னை அழைத்து, பதிவேட்டுக்குத் தேவைப்படுகிறது, அந்த வெப்சைட்டின் பாடங்களை எல்லாம் சாரிடம் கொடுங்கள் என்றார். எழுத்தும் குரலுமாக எல்லாவற்றையும் கொடுத்தேன். கேட்டால் கொடுப்பதுதான் பள்ளிக்கூடத்துப் பழக்கம். சுண்ணக்கட்டி, வரைபடத்தாள், பெண் ஆசிரியைகளின் உழைப்பு, எல்லாம் பொது அலமாரியில் இருப்பவை. டிசம்பரில் மாவட்டக் கூட்டத்தில் அவர் அதைத் தம் முயற்சி என்று திரையில் காட்டியதாகப் பக்கத்துப் பள்ளி ஆசிரியை போனில் சொன்னாள். ‘லேடி ஸ்டாஃப் ஒருத்தவ டைப் பண்ணித் தந்தாவன்னும் சொன்னாரு’ என்றாள், ஆறுதலாக. போன வெள்ளிக்கிழமை அச்சிட்ட புத்தகம் வந்தது. மேடம் மகிழ்ச்சியோடு நீட்டினார். ‘பாத்தீயளா டீச்சர், நன்றியுரையில ஒங்க பேரும் இருக்கு.’ இருந்தது. தட்டச்சு உதவி: திருமதி உலகம்மாள். பெயருக்குப் பின்னால் என் பட்டம்கூட இல்லை, தட்டச்சுக்கு அது எதற்கு. புத்தகத்தைப் புரட்டினேன். இருபத்து மூன்றாம் பக்கத்தில் கை நின்றது. அண்ணாச்சி. பெயரை மட்டும் எடுத்துவிட்டு, கணக்கை அப்படியே, ‘மாதிரித் தீர்வு’ என்று தலைப்பிட்டு அச்சடித்திருந்தார். முப்பத்தொன்றிலும் அண்ணாச்சி. நாற்பதிலும். பதினொன்றையும் எண்ணினேன். மனிதர் எழுத்தை மட்டும் எடுத்திருக்கிறார். ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, என் குரலைப் போட்டுக் கேட்கவில்லை.

முதலில் பயந்தேன். அதை ஒப்புக்கொள்கிறேன். நாக்கின் நுனி வரை வந்துவிட்டது, மேடம், இதை நிறுத்துங்கள் என்று. அப்போது மாசிலாமணி சார் உள்ளே வந்தார், தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தபடி, ‘என்ன டீச்சர், ஒங்க பேரு வந்திருக்கே, மிட்டாய் எங்க?’ என்றார். நாக்கு உள்ளே போய்விட்டது. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், இன்று செவ்வாய். நாக்கு அங்கேயேதான் இருக்கிறது, சுகமாக இருக்கிறது. ஆறாயிரம் பிரதிகளும் போய்ச் சேரட்டும். எங்காவது ஒரு பள்ளியில் கூர்மையான ஒருவர் இருப்பார். அவர் தலைமையாசிரியரிடம் சொல்வார், தலைமையாசிரியர் அலுவலகத்துக்கு எழுதுவார், பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் நான்கு பத்தி வரும், புகைப்படத்தில் மாசிலாமணி இன்றைய பொன்னாடையோடு இருப்பார். விளக்கம் கேட்பார்கள். என்ன விளக்கம் சொல்வார்? நான் எழுதவில்லை என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை அவர் வாயால், எழுத்தில், கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்த நடை. இருபத்து மூன்றாம் பக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. எக்ஸிலிருந்து நான்கைக் கழி, எக்ஸோடு ஒன்றைக் கூட்டு, இரண்டையும் பெருக்கினால் ஆறு, எக்ஸ் என்ன? அண்ணாச்சி யோசிக்கவே மாட்டார். பெருக்கினால் ஆறு, அதனால் முதலாவதும் ஆறு, இல்லையென்றால் இரண்டாவது ஆறு. ஆக, எக்ஸ் பத்து அல்லது ஐந்து என்பார். பெருக்கிப் பூச்சியம் வந்தால்தான் இரண்டில் ஒன்று பூச்சியம் என்று சொல்லலாம். ஆறுக்கு அந்த உரிமை கிடையாது. ஆனால் அந்தக் கணக்கை நான் எப்படிப் பொறுக்கினேன் என்றால், தவறான வழியில் போனாலும் ஐந்து என்பது சரியாகவே வந்துவிடும். பாதி உண்மை. அவசரமாகச் சரிபார்க்கிறவன் ஐந்தைப் போட்டுப் பார்த்து, சரி என்று போய்விடுவான். அதை அமைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவழித்தேன்.

எந்தக் கணித ஆசிரியரும் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது. இதை வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்கு நானே சொல்லிவருகிறேன், எந்தக் கணித ஆசிரியரும் பார்த்தவுடன். மாசிலாமணி கணித ஆசிரியர். இருபத்தாறு வருடக் கணித ஆசிரியர். இங்கே வந்ததும் எண்ணம் ஒவ்வொரு முறையும் கல்லில் இடித்துக்கொள்கிறது, நான் அதைச் சுற்றி நடந்து அப்பால் போய்விடுகிறேன். அவர் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பார். மற்றவர்கள் பார்ப்பார்கள். ஏன் பார்ப்பார்கள்? மேலிடத்திலிருந்து வந்த புத்தகத்தை யார் பார்க்கிறார்கள், கையெழுத்திட்டு வாங்கி, பிள்ளைகளிடம் கொடுத்து, மனப்பாடம் செய் என்கிறோம். இல்லை, கூர்மையான ஒருவராவது. ஒருவர் போதுமா? பொதுத்தேர்வுக்கு இருபத்தாறு நாள். போதும். போதாவிட்டால்? மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கிறீச்சிடுகிறது, வியர்வை முதுகில் இறங்குகிறது, மைக்கில் தமிழ்த்தாய் வாழ்த்து தொடங்கிவிட்டது. அறைக்குள் பிள்ளைகள் எழுந்திருக்கலாமா என்று தெரியாமல் என்னைப் பார்க்கிறார்கள். ‘எழுதுங்க, எழுதுங்க’ என்று கையைக் காட்டுகிறேன். நான் மட்டும் நிற்கிறேன், நான் எப்படியும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். நான் இப்படிப்பட்டவளா என்று ஒரு கேள்வி வருகிறது. ஆமாம், இப்படிப்பட்டவள்தான். அதைக் கேட்பதற்கு நான்கு நாள் ஆகியிருக்க வேண்டியதில்லை. நல்லவளாக இருந்த மூன்று வருடத்தில் தட்டச்சு உதவி என்ற பட்டம்தான் கிடைத்தது.

‘டீச்சர், அடிஷனல் ஷீட்.’ நான்காம் வரிசை, ஷிபானா. ஆ பிரிவு. தேர்வறையில் இரண்டு பிரிவையும் கலந்து உட்கார வைப்பதால் அவள் இங்கே இருக்கிறாள். அரையாண்டில் கணக்கில் முப்பத்தொன்று வாங்கியவள், நான்கு மதிப்பெண்ணில் கவிழ்ந்தவள். இந்த நேரத்துக்குள் கூடுதல் தாள் கேட்கிறாள் என்றால் நன்றாக எழுதுகிறாள் என்று பொருள்; எனக்குச் சற்று வியப்பு. தாளில் கையெழுத்திட்டுக் கொடுக்கும்போது அவளுடைய விடைத்தாள் கண்ணில் படுகிறது. அழகான கையெழுத்து. ஒவ்வொரு விடைக்கும் பென்சிலால் கட்டம். முப்பத்திரண்டாம் கேள்வி. எக்ஸிலிருந்து மூன்றைக் கழி, எக்ஸோடு இரண்டைக் கூட்டு, பெருக்கினால் பதினான்கு. ஆகவே முதலாவது பதினான்கு, அல்லது இரண்டாவது பதினான்கு. எக்ஸ் பதினேழு அல்லது பன்னிரண்டு. கட்டம். கட்டத்துக்குக் கீழே இரட்டைக்கோடு. வரிக்கு வரி அண்ணாச்சி. ‘எனவே’ என்பதற்கு மூன்று புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் நான் விடுகிற இடைவெளியைக்கூட விட்டிருக்கிறாள். என் கையெழுத்தை யாரோ அவள் விரலுக்குள் வைத்துவிட்டதைப் போல இருக்கிறது. அவள் நிமிர்ந்து சிரிக்கிறாள். கணக்கு வந்துவிட்டது டீச்சர் என்கிற சிரிப்பு. எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: சாட்சி கிடைத்துவிட்டது என்று தோன்றியது. போன வாரம் மாசிலாமணி ஆ பிரிவுக்குச் சிறப்புப் பயிற்சி என்று நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறார், அதிலிருந்து படித்திருக்கிறாள், அவருடைய மாணவியே அவருக்கு எதிரான சாட்சி, எவ்வளவு பொருத்தம். அந்த மகிழ்ச்சி ஐந்து நொடி இருந்தது. நீளமான ஐந்து நொடி.

பிறகுதான் ஜனவரி நினைவுக்கு வருகிறது, நினைவுக்கு வராமல் இருந்திருக்கலாம். டிசம்பரில் அந்தப் போன் வந்த மறுநாள் வெப்சைட்டுக்கு ஒரு கடவுச்சொல் போட்டுப் பூட்டினேன். என் முப்பத்தெட்டுப் பேருக்கு மட்டும். அதுவரை திறந்துதான் கிடந்தது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஜனவரியில் பள்ளி திறந்ததும் இந்த ஷிபானா ஆசிரியர் அறை வாசலில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். ‘டீச்சர், வெப்சைட் தெறக்க மாட்டேங்குது. நான் டெய்லி கேப்பேன். பாஸ்வேர்டு தருவீயளா?’ ‘அது எங்க கிளாஸுக்குள்ளதும்மா.’ ‘நான் யாருக்கும் சொல்ல மாட்டேன் டீச்சர்.’ அப்போது மாசிலாமணி உள்ளே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே நான் சத்தமாகச் சொன்னேன்: ‘ஒங்க சார்ட்ட கேளு. அவுக பெரிய ஆளு, அவுகட்ட எல்லாம் இருக்கு.’ அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். அன்று முழுவதும் அந்த வாக்கியத்தை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன், நல்ல குத்து என்று. அவள் நான் சொன்னபடியே செய்திருக்கிறாள். அவரிடம் கேட்டிருக்கிறாள். அவர் கொடுத்திருக்கிறார். அண்ணாச்சி கவிழ்ந்துவிட்டார் என்று சொல்கிற என் குரலை எடுத்துவிட்டு அண்ணாச்சியை மட்டும் கொடுத்திருக்கிறார். குரலை எடுத்தவர் அவர் மட்டும்தானா? அவர் கேட்காமல் விட்டார், நான் பூட்டி வைத்தேன். இரண்டும் சேர்ந்துதான் இந்தக் கட்டம், இந்த இரட்டைக்கோடு, பதினேழு அல்லது பன்னிரண்டு. ஷிபானா கூடுதல் தாளை நூலால் கட்டுகிறாள், முடிச்சைப் பல்லால் இறுக்குகிறாள். விரலை அந்த வரிமேல் ஒரு நொடி வைத்தால் போதும், அவளுக்குப் புரிந்துவிடும். தேர்வறையில் நான் யாருக்கும் அதைச் செய்ததில்லை. இப்போதும் செய்யவில்லை. ஜன்னலுக்கு நடக்கிறேன். அங்கே வேன் வந்து சாரணர் அறை வாசலில் பின்பக்கமாக நிற்கிறது, ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பல் குத்துகிறார். ஆறாயிரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷிபானா என்று வைத்துக்கொள், பென்சில், கட்டம், சிரிப்பு. பழிவாங்க வேண்டும் என்ற ஆசை போய்விட்டதா என்று உள்ளே துழாவிப் பார்க்கிறேன். போகவில்லை. அப்படியே இருக்கிறது. ஆனால் அது வேனில் ஏற மாட்டேன் என்கிறது.

‘டீச்சர், நான் நிக்கேன், நீங்க கெளம்புங்க.’ தமிழாசிரியர் சுடலைமுத்து ஐயா, மூச்சு வாங்க வாசலில். ‘மேடைல ஒங்களத் தேடுதாவ. பொன்னாடையாம்.’ ‘எனக்கு எதுக்கு?’ ‘தட்டச்சுக்கு’ என்றார் அவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். இந்தப் பள்ளியில் நகைச்சுவை தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். மைதானத்தைக் கடக்கிறேன். மணல் சுடுகிறது. பேசினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுகிறேன், போட வரவில்லை. கனிவாக, தனியாக, அலுவலரின் காதருகே சொல்லலாம். மாசிலாமணியின் பெயரும் காப்பாற்றப்படும், புத்தகமும் நிற்கும், எஸ்தர் மேடம் எனக்குத் தேநீர் வாங்கித் தருவார். அந்த நல்ல வழி கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. வேண்டாம். நான் அவ்வளவு நல்லவள் இல்லை. மேடையில் ஏறுகிறேன். சரிகை போட்ட பொன்னாடை தோளில் விழுகிறது, பளபளப்பு கழுத்தில் குத்துகிறது, புகைப்படக்காரர் இன்னொரு தடவை என்கிறார், மாசிலாமணி சார் இன்னொரு தடவை போர்த்துகிறார். ‘நம்ம பள்ளியோட கணினிக் கரம்!’ என்று ஒலிவாங்கியில் சொல்லி, அதை என்னிடம் நீட்டி, தணிந்த குரலில், ‘ரெண்டு வார்த்த பேசும்மா. நன்றின்னு சொன்னாப் போதும்.’

‘இருபத்து மூணாம் பக்கத்த எடுங்க’ என்றேன். முன்வரிசையில் கையில் பிரதியோடு இருந்த பிற பள்ளித் தலைமையாசிரியர்கள் பழக்கத்தினாலே எடுத்தார்கள். முதன்மைக் கல்வி அலுவலரும் எடுத்தார். ‘சார், எக்ஸ் பத்துன்னு விடை போட்டிருக்கு. அந்தப் பத்த மேல உள்ள வரியில வச்சு, சரிபாத்துச் சொல்லுங்க.’ மாசிலாமணி சார் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். ‘என்ன டீச்சர், மேடைல வச்சுப் பரீட்சையா?’ ‘சின்னக் கணக்குதான் சார். பத்துல நாலு போனா?’ ‘ஆறு.’ ‘பத்தும் ஒண்ணும்?’ ‘பதினொண்ணு.’ ‘பெருக்குங்க.’ ஒலிவாங்கியை அவர் வாயருகே பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பெருக்கவில்லை. பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருபத்தாறு வருடக் கணித ஆசிரியர், பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டார். காதுமடல் முதலில் சிவந்தது. இதைத்தான் நான்கு நாளாக நினைத்து நினைத்துச் சுவைத்தேன், இதோ என் கைக்கெட்டும் தூரத்தில் நடக்கிறது. சுவை இருக்கத்தான் செய்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ‘ஆறு வரணும். அறுபத்தாறு வருது’ என்றேன் நானே. ‘இதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு இருக்கு. பக்கத்த நான் எழுதித் தாரேன். பிள்ளைகள் தப்பக் கண்டுபிடிக்கணும்னு நான் வேணும்னே தப்பாப் போட்டது. தப்புன்னு குரல்ல சொல்லியிருந்தேன், சார் கேக்கல. இந்தப் புத்தகத்துல எல்லாமே நான் எழுதினதுதான். ஆனா என் பேரு போட்டாகணும்னு நான் கேக்கது இந்தப் பதினொண்ணுக்கு மட்டும்தான்.’ எஸ்தர் மேடம் கையைப் பிசைந்தார். அலுவலர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்து, யாரிடமோ, ‘வண்டிய நிப்பாட்டச் சொல்லுங்க’ என்றார். பிறகு என்னைப் பார்த்தார். கடுமையாக அல்ல, ஓர் ஆசிரியர் மற்றோர் ஆசிரியரிடம் கேட்பதைப் போல. ‘இது ஒங்களுக்கு எப்பம்மா தெரியும்?’

இப்போதுதான் பார்த்தேன் என்று சொல்லலாம். யாரும் மறுக்கப்போவதில்லை.

‘வெள்ளிக்கிழமையே தெரியும்’ என்றேன். ஒலிவாங்கியை நான் இன்னும் கீழே வைத்திருக்கவில்லை.